பட்டுப்பாசி மலை ஏறிய கதை

அந்தக் காலத்தில் பாசிக்கும் கால் இருந்தது. நம்ப முடியாதவர்கள் கதை முடியும்வரை பொறுத்திருந்து பிறகு நம்பிக்கொள்ளலாம். பூனைக்குட்டியின் பாதம்போல மெத்தென்ற சின்னச் சின்னக் கால்கள். வெயில் ஏறினால் எழுந்து நிழலுக்குப் போகும், அந்த நிழல் அலுத்தால் வேறொரு கல்லுக்குப் போகும். மரம் பேசியது, மாடு பேசியது, குருவி பேசியது, பாசியும் பேசியது. ஒரு குலம் முழுக்க ஒரே வாயால் பேசுகிற காலம் அது. ஒரு குருவி பேசினால் அந்தக் குலம் பேசியதாகக் கணக்கு.

நெடுங்கல் மலையின் இடுப்பில் ஊற்றடி என்று ஓர் ஊர் இருந்தது. முப்பது கூரை வீடுகள். ஊருக்குத் தலைமாட்டில் ஒரு பெரிய பாறை, அதன் அடியில் ஓர் ஊற்று. மனிதர், ஆடு மாடு, சாமை, வரகு எல்லாம் அந்த ஒற்றை ஊற்றை நம்பித்தான். பாறையைப் போர்த்திக்கொண்டு கிடந்தது பட்டுப்பாசி. பாறையில் மட்டுமா? கூரையில், வேலிக்கல்லில், பலாமரத்தின் முதுகில், கழுநீர்த் தொட்டியின் விளிம்பில், எங்கே பார்த்தாலும் அதுதான். பச்சையில் ஒரு சிட்டிகை மஞ்சள் கரைத்த நிறம். தடவிப் பார்த்தால் கன்றுக்குட்டியின் காது.

அதே ஊரில் சின்னானும் இருந்தது. சில ஊர்களில் கொண்டைக்குருவி என்பார்கள். கறுத்த கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் பொட்டுமாக, எப்போதும் கல்யாணத்துக்குக் கிளம்பிய கோலம். பட்டுப்பாசியை அது அக்கா என்றுதான் கூப்பிடும். சின்னான் கூடு கட்டி முடித்ததும் பாசி நடந்து வந்து உள்ளே மெத்தையாகப் படுத்துக்கொள்ளும். குஞ்சுகள் பறக்கும்வரை எழுந்திருக்காது. பாசியின் மேல் விழுகிற சருகுகளைச் சின்னான் ஒவ்வொன்றாகக் கொத்தி அப்புறப்படுத்தும். இரண்டும் குடித்தது விடியற்காலைப் பனித்துளியைத்தான். ஒரே இலையில் இரண்டுக்கும் பங்கு இருந்தது.

இனி ஊற்றடி மனிதர்கள். நல்லவர்கள்தான், ஒரு குறையைத் தவிர. எதைப் பார்த்தாலும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. என் பூசணி பெரியதா உன் பூசணி பெரியதா, மூத்தவன் கெட்டிக்காரனா இளையவன் கெட்டிக்காரனா, மாமியார் வைத்த குழம்பா மருமகள் வைத்த குழம்பா. இந்த வழக்கெல்லாம் கைகலப்பில் முடியாமல் இருக்க ஊரில் ஒருவரை வைத்திருந்தார்கள். அவருக்குப் பெயர் ஒப்புக்காரர். அந்தத் தலைமுறையில் அந்த வேலை சடைச்சி என்ற பெண்ணிடம் இருந்தது.

சடைச்சிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உரத்த குரல், வேகமான நடை, முகத்துக்கு நேரே சொல்லுகிற சுபாவம். பூசணியைக் கையில் தூக்கிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். தூக்கிப் பார்க்க முடியாத வழக்கு வந்தால் அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். அதன் பெயர் மூன்று நாள் மறைவு. வழக்குக்கு வந்த இருவரில் முதலில் ஒருவரை மூன்று நாள் ஊரைவிட்டு மறைந்திருக்கச் சொல்வாள். அவர் திரும்பிய பிறகு மற்றவரை அனுப்புவாள். யார் இல்லாதபோது வீடு ஆடிப்போகிறதோ அவரே பெரியவர். உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும் என்பார்களே, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உண்டாக்கிய முறை. இப்படித்தான் இரண்டு காவல் நாய்களின் வழக்கைத் தீர்த்தாள், மூன்று அண்ணன் தம்பி வழக்குகளைத் தீர்த்தாள். மாமியார் மருமகள் வழக்கை மட்டும் தொடமாட்டாள். அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று கதவைச் சாத்திவிடுவாள்.

அவளுடைய கணவன் பெரியாண்டி அவளுக்கு நேர் எதிர். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அதிகம். பொழுது விடிவதற்குள் ஊற்றில் போய் நாலு குடம் தண்ணீர் எடுத்து வந்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். சடைச்சி கட்டிக்கொண்டது ஆளையா, ஆட்டுக்கல்லையா என்று ஊரில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். குடத்தில் தண்ணீர் இல்லாமல் அவள் ஒரு நாளும் விழித்ததில்லை என்பதை அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை.

ஒரு வருஷம் தென்மேற்கு மழை பொய்த்தது. வடகிழக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பனியும் குறைந்தது. இலைக்கு ஒரு துளி இருந்த இடத்தில் பத்து இலைக்கு ஒரு துளி. சின்னானும் பாசியும் கூடிப் பேசின. அந்த ஊர்ப் பனி இனி ஒருவருக்குத்தான் காணும், ஒருவர் மலை உச்சிக்குப் போய்விட வேண்டும் என்று இரண்டுக்கும் புரிந்தது. உச்சியில் மேகமுட்டி என்று ஒரு பாறை. எந்தக் கோடையிலும் அதன்மேல் மேகம் உரசிக்கொண்டு போகும், அந்த ஈரத்தில் உயிர் பிழைக்கலாம். ஆனால் குளிர் எலும்பைக் குடையும். காற்று ஆளைத் தள்ளும். பேச்சுத் துணைக்கு ஒரு ஓணான்கூடக் கிடையாது.

யார் போவது என்பதில்தான் சண்டை வந்தது. நான் போகிறேன், நீ இரு என்றது பாசி. நீ இங்கே இரு அக்கா, நான் போகிறேன் என்றது சின்னான். நாலு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் இரண்டும் சடைச்சியின் வாசலுக்கு வந்து நின்றன. ஊருக்கு யார் அதிகம் வேண்டியவரோ அவர் இருக்கட்டும், நீ ஒப்புப் பார்த்துச் சொல் என்று கேட்டன. பாசி, தம்பிதான் பெரியவன் என்றது. சின்னான், அக்காதான் பெரியவள் என்றது. வழக்குக்கு வந்து எதிராளியைப் புகழ்கிற கூட்டத்தைச் சடைச்சி அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு இரண்டின் மேலும் பாசம் பொங்கியது. உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்துதான் பேசினாள்.

"மூணு நாள் மறைவு வெப்போம்," என்றாள். "முதல்ல சின்னான் போகட்டும்."

சின்னான் குலம் முழுக்கக் கிளம்பிப் பக்கத்து மலைக்குப் போயிற்று. மறுநாள் விடியலில் எழுப்ப அதன் பாட்டு இல்லாமல் ஊற்றடியில் ஒருவரும் நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை. சூரியன் தலைக்குமேல் வந்த பிறகு பட்டியில் ஆடுகள் கத்திய கத்தலில்தான் விழித்தார்கள். சடைச்சியின் வீட்டு இறவாரத்தில் ஒரு சின்னான் ஜோடி கூடு கட்டியிருந்தது. அந்தக் கூடு காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே அவள் கூழில் உப்புப் போட மறந்தாள். இரண்டாம் நாள் கைக்குழந்தைகள் காரணமில்லாமல் அழுதன. பெரியவர்கள் காரணமில்லாமல் திட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ஊரே அவள் வாசலில் கூடி, போதும் தாயே, குருவியைக் கூப்பிடு என்று கெஞ்சியது. சின்னான் திரும்பி வந்து முதல் பாட்டைப் பாடியபோது கிழவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

அடுத்து பாசியின் முறை. விடியற்காலையில் எல்லாக் கூரையிலிருந்தும் எல்லாக் கல்லிலிருந்தும் பாசி இறங்கி, வரிசையாக நடந்து, மலை மடிப்புக்குள் போய் மறைந்தது. முதல் நாள் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் பாறையைப் பார்த்துவிட்டு, யாரோ நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள் என்றார்கள். கால் வழுக்கவில்லை என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை பெரியாண்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம்போலப் போகாமல் சடைச்சியின் முன்னால் நின்றான்.

"ஊத்து ஒரு விரக்கடை இறங்கியிருக்கு புள்ள," என்றான்.

"கோடையில இறங்காம ஏறவா செய்யும்?" என்று சொல்லிவிட்டுச் சடைச்சி வாசலுக்குப் போனாள். அங்கே ஊரும், மறைவிலிருந்து திரும்பியிருந்த பாசியும் தீர்ப்புக்காகக் காத்திருந்தன. அவள் அந்த ஒரு விரல் அகலத்தைப் பற்றி நின்று நாலு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் கேட்கவில்லை.

தீர்ப்புச் சொல்லுவது சுலபமாகத்தான் இருந்தது. ஒருவர் இல்லாமல் ஊர் தவித்துவிட்டது, இன்னொருவர் இல்லாததை ஊர் கவனிக்கவே இல்லை. சின்னான் இருக்கட்டும், பாசி போகட்டும் என்றாள். அழுகிற பிள்ளைக்குப் பால் என்பது எத்தனை பழைய வழக்கம். சின்னான் மாட்டேன் மாட்டேன் என்று இறக்கையை அடித்துக்கொண்டது. பாசி அதைச் சமாதானப்படுத்தியது. சடைச்சியின் காலைத் தொட்டு ஒரு நிமிஷம் ஈரமாக நின்றது. பிறகு மலை ஏறிற்று.

அன்றைக்கு வெயில் கொடுமையான வெயில். பாசி நிழலுக்கு நிழல் ஒதுங்கி ஏறுகிற ஜாதி, மேலே போகப்போக நிழலே இல்லை. கல் சுட்டது. கூரைப்பாசி பாதி வழியில் காய்ந்து உதிர்ந்தது. மரப்பாசி முக்கால் வழி வந்து சருகாயிற்று. ஊற்றுப்பாறையில் இருந்ததில் கொஞ்சமே கொஞ்சம் மேகமுட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

கீழே ஊற்று இறங்கத் தொடங்கியது. ஒரு விரக்கடை இரண்டாயிற்று, பிறகு ஒரு சாண், பிறகு ஒரு முழம். மழையில் குடித்ததையும் பனியில் குடித்ததையும் பாசிதான் இத்தனை காலமும் பாறைக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டிருந்தது என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. பாறை மூன்று நாள் தாங்கியது, ஒரு மாதம் தாங்கவில்லை. சின்னானுக்கும் சுகமில்லை. பனி முழுவதும் தனக்கே என்று ஆன பிறகுதான், பாசி இல்லாத கல்லில் பனி நிற்காது என்று அதற்குத் தெரிந்தது. சூரியன் எட்டிப் பார்த்ததும் எல்லாம் ஆவியாகிப் போனது.

நாற்பதாம் நாள் ஊற்றில் சேறுதான் வந்தது. மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கிவிடலாம் என்று ஊர் கூடிப் பேசி முடிவெடுத்தது. பாயைச் சுருட்டினார்கள், கோழிகளைக் கூடையில் அடைத்தார்கள். சமவெளியில் அவர்களுக்கு நிலமும் இல்லை, தெரிந்த முகமும் இல்லை. பிள்ளைகள் அங்கே பிழைக்குமா என்று ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சடைச்சி ஊற்றுப்பாறையின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சுட்டது. அந்தச் சூடு அவள் உள்ளங்கையில் ஏறியபோதுதான் பெரியாண்டி சொன்னது திரும்பக் கேட்டது. தன்னால் ஊரே வீடு இழக்கப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. கீழே பெரியாண்டி சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தான். அவனிடம் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னீங்க. நான் காதுல போட்டுக்கல," என்றாள்.

பெரியாண்டி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தான். "நானும் ரெண்டாந் தடவ சொல்லியிருக்கணும்," என்றான்.

அவன் மேல் அவளுக்கு அந்த நிமிஷத்தில் வந்த அன்பு, கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை. ஊரை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு இருவரும் மலை ஏறினார்கள். சின்னான் வழி காட்டியது. நாலு பாறை முன்னால் பறந்து போய் உட்காரும், இவர்கள் மூச்சு வாங்கி வந்து சேரும்வரை காத்திருக்கும். வழியெல்லாம் உதிர்ந்து கிடந்த பாசித்தூளை மிதிக்காமல் சுற்றி நடந்தார்கள்.

மேகமுட்டியில் அவர்கள் பார்த்தது ஒரு முறம் அகலத்துக்குப் பச்சை. அவ்வளவுதான் மிச்சம். சின்னான் அதன் பக்கத்தில் இறங்கிக் கன்னத்தை வைத்துக்கொண்டது. சடைச்சி அந்தக் குளிர்ந்த பாறையில் முழங்காலிட்டு, நான் பார்த்த ஒப்பு தப்பு, என்னை மன்னித்து இறங்கி வந்துவிடு என்று அழுதாள். கோபித்துக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாசிக்குக் கோபிக்கத் தெரியாது.

"வரணும்னுதான் இருக்கு தாயி," என்றது. "ராவெல்லாம் காத்து புரட்டுச்சு. உருண்டு போயிடக் கூடாதுன்னு கல்ல இறுக்கிப் புடிச்சேன். புடிச்ச புடியில கால் கல்லுக்குள்ள போயிருச்சு. இனி நடக்க ஏலாது."

நடக்க முடியாவிட்டால் என்ன, நான் மடியில் கட்டிக்கொண்டு போகிறேன் என்று சடைச்சி பாசியின் ஓரத்தில் விரலைக் கொடுத்தாள். ஊர் மூட்டை கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. ஒரு இழுப்பில் பெயர்த்தெடுத்தால் பொழுது சாய்வதற்குள் ஊற்றுப்பாறையில் கொண்டுபோய் வைத்துவிடலாம். பாசியும் சரியென்று கண்ணை மூடிக்கொண்டது.

"பிச்சா செத்துரும்," என்றான் பெரியாண்டி.

சடைச்சிக்கு வாயில் பதில் வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பி, வேறு என்ன செய்யலாம் என்று அவனைக் கேட்டாள். பெரியாண்டி வானத்தைக் காட்டினான். ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. மழை இல்லாத, சும்மா போகிற மேகம். அது பாறையை உரசிக்கொண்டு கடந்தபோது வெறும் கல் லேசாக நனைந்து உடனே காய்ந்தது. பாசி இருந்த முறம் அகலத்தில் மட்டும் ஒவ்வொரு இழையிலும் ஒரு துளி நின்றது. துளிகள் சேர்ந்து கனத்து, கல்லின் வெடிப்பில் ஊற்றடிப் பக்கமாக இறங்கின.

எனக்கு இது போதும், மிச்சத்தைக் கீழே விடுகிறேன் என்றது பாசி. ஆனால் மூன்று நாளில் ஊற்று ஏறாது, கல்லுக்குள் தண்ணீர் நடக்கப் பல நாள் ஆகும், அதுவரை உன் ஊர் பொறுக்குமா என்று கேட்டது. பொறுக்க வைக்கிறேன் என்று சடைச்சி பாறையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

சின்னான் மட்டும் இறங்க மறுத்தது. அக்காவைத் தனியே விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று பாறையில் ஒண்டிக்கொண்டது. பாசி நெடுநேரம் அதனோடு பேசியது. இந்தக் குளிரில் உன் குஞ்சு பொரியாது, நீ இல்லாவிட்டால் கீழே ஒருவரும் எழுந்திருக்கவும் மாட்டார்கள் என்றது. அப்படியும் சின்னான் நகரவில்லை.

"எனக்காக ஒரு வேலை செய் தம்பி," என்றது பாசி. "நான் இனிமே ஊரப் பாக்க முடியாது. யார் வீட்ல கொழந்த பொறந்துச்சு, எந்த மரம் காச்சுதுன்னு தெனம் காலைல எனக்குச் சொல்லு. எங்க இருந்து சொன்னாலும் எனக்குக் கேக்கும்."

அதற்குப் பிறகுதான் சின்னான் இறங்கியது. பத்துப் பாறைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கியது.

ஊர் எல்லையில் மூட்டை முடிச்சோடு எல்லோரும் நின்றார்கள். சடைச்சி அவர்களுக்குக் குறுக்கே நின்று, என் தீர்ப்பு தப்பு என்றாள். ஒப்புக்காரர் ஒருவர் அப்படிச் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. சிலர் திட்டினார்கள். திட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போங்கள், இருக்கிறவர்கள் இருங்கள், இருக்கிறவர்களுக்கு நானும் என் வீட்டுக்காரரும் அடிவாரத்து ஓடையிலிருந்து தண்ணீர் சுமக்கிறோம் என்றாள். ஒருவரும் தாண்டவில்லை. அன்றிலிருந்து தினமும் இருட்டோடு எழுந்து இருவரும் அடிவாரத்துக்கு இறங்கி ஏறினார்கள். சடைச்சியின் தோள் காய்த்துப்போயிற்று. வாரம் ஒன்று, இரண்டு, மூன்று. ஊற்று வாய் திறக்கவில்லை. சடைச்சிக்கே பயம் பிடித்துக்கொண்டது, ஆனால் சுமப்பதை நிறுத்தவில்லை. சின்னான் தினமும் காலையில் மேலே பார்த்து ஊர்ச் சேதி சொல்லிக்கொண்டிருந்தது.

தண்ணீர் சுமக்கத் தொடங்கிய அறுபதாம் நாள் காலை பெரியாண்டி ஊற்றுப் பக்கமிருந்து ஓடி வந்தான். அவன் ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. வாசலில் வந்து நின்று, வலது கையின் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்துக் காட்டினான்.

"ஏறியிருக்கு," என்றான்.

ஒரு விரல் அகலத் தண்ணீர். ஊரே போய்ச் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்த்தது. சடைச்சி குனிந்து முகம் கழுவிக்கொண்டாள், கண்ணீர் தெரியாமல் இருக்க. அதன் பிறகு அந்த ஊற்று எந்தக் கோடையிலும் வற்றவில்லை. ஒப்புக்காரர் வேலையை அன்றோடு எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த மலைக்காரர்களிடம் இதுவா அதுவா எது உசத்தி என்று கேட்டால், ரெண்டும் நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அன்று முதல்தான் பட்டுப்பாசி கீழே எங்கேயும் கிடைக்காமல், மேகம் உரசுகிற உச்சிப் பாறையில் மட்டும், கல்லைப் பிடித்த பிடி விடாமல் இருக்கிறது. அன்று முதல்தான் சின்னான் எல்லா ஊரிலும், எல்லாத் தோட்டத்திலும், பொழுது விடிந்ததும் இருக்கிற மரத்திலேயே உயரமான கொம்பின் நுனியில் போய் உட்கார்ந்து நாலு சொல் பாடுகிறது. பாடிவிட்டுச் சட்டென்று நிறுத்தித் தலையைச் சாய்த்துக்கொள்கிறது. மறுபடி நாலு சொல், மறுபடி மௌனம். அது சும்மா இருக்கிற அந்த நேரம், அக்கா பேசுகிற நேரம்.